யார் கை படலாம்? சோழமண்டலக் கரையில் கிறிஸ்தவத் திருவுருவங்கள்

ஆகஸ்ட் கடைசிப் பத்து நாட்களில் மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். உப்பளப் பாத்திகளை ஒட்டிச் செல்லும் அந்தச் சாலையின் ஓரத்தில் காவி உடுத்தவர்கள் கூட்டங்கூட்டமாகத் தெற்கு நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் கையால் இழுக்கும் சிறு தேர் ஒன்று. அதற்குள் சேலை உடுத்திய வேளாங்கண்ணி மாதா சுரூபம், மாலைகள், விளக்குச் சரம், சில தேர்களில் ஒரு சிறு ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும். சென்னையிலிருந்து வேளாங்கண்ணி 300 கிலோமீட்டருக்கு மேல். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ செப்டம்பர் 8 பெருவிழாவுக்கோ போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் ஒரு தெருவின் இளைஞர்கள் வசூல் செய்து அமைத்த தேர் அது. பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்திருப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. வழியில் சேர்ந்துகொள்கிற இந்துக்களும் வடத்தைப் பிடிக்கிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை.

இப்படி ஒரு உருவத்தைச் செய்யலாமா, அதன் முன் வணங்கலாமா என்று கிறிஸ்தவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் சண்டை போட்டிருக்கிறது. அந்தச் சண்டையின் ஏறக்குறைய எல்லாத் தரப்பும் ஏதாவது ஒரு காலத்தில் இந்தக் கரையில் இறங்கியிருக்கின்றன: பாரசீகத்திலிருந்து சிலுவையோடு வந்த கிழக்குத் திருச்சபை, சுரூபங்களோடு வந்த போர்த்துகீசியர், சுவர்களுக்கு வெள்ளையடித்த டச்சுக்காரர், தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய லுத்தரன்கள், புதுச்சேரியின் பிரெஞ்சு இயேசு சபையினர். கடைசியாக, காலண்டர் அச்சில் ஏறி ஒரு கிரேக்க மாதாவும் வந்தாள். ஆனால் இங்கே நடந்த சண்டைகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. உருவம் இருக்கலாமா என்ற கேள்வி இந்த மக்களை அதிகம் உறுத்தியதில்லை. அதை யார் தொடலாம், யார் உடுத்தலாம், யார் சுமக்கலாம், எந்தத் தெரு வழியாகச் சுமக்கலாம் என்பதில்தான் மண்டைகள் உடைந்திருக்கின்றன. இறையியல் நூல்கள் முதல் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்கின்றன. இரண்டாவதைத் தொடுவதே இல்லை.

முதல் கேள்வியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களுக்கு எதிராகத் திரும்பினார். எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் தமஸ்கு யோவான். அவர் உமையா கலீபாக்களின் ஆட்சிப்பகுதியில் வாழ்ந்தார்; கிறிஸ்தவப் பேரரசரின் கை அங்கே நீளவில்லை. உருவத்தை ஆதரித்த மிகச் சிறந்த கிறிஸ்தவ வாதம் இஸ்லாமிய அரசின் நிழலில் எழுதப்பட்டது என்பது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. காணமுடியாத கடவுள் உடலெடுத்து வந்த பிறகு அந்த உடலைத் தீட்டுவது தவறாகாது என்றார் அவர். 787இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கம் அதை ஏற்றது. உருவத்துக்குச் செய்யும் மரியாதை உருவத்துக்கு உரியவரைச் சேரும், முழு ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது என்று வரம்பு கட்டியது. இடையில் மறுபடியும் ஒரு தடைக்காலம் வந்துபோய், 843இல்தான் கீழைத் திருச்சபையில் சச்சரவு ஓய்ந்தது. அன்று முதல் கிரேக்க, ரஷ்ய மரபுகளில் பலகையில் தீட்டிய திருவோவியமே வழிபாட்டின் மையம். முழு உருவச் சிலைகளை அவர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள்.

மேற்கின் பாதை வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சுவரோவியம் பாடம் சொல்லும் என்று 600ஐ ஒட்டிய ஆண்டுகளில் போப் பெரிய கிரகோரி மர்சேய் நகர ஆயருக்கு எழுதினார். அந்தப் பாடநூல் கருத்தே லத்தீன் உலகில் ஊன்றியது. பின்னர் சிலைகள் பெருகின, அவற்றுக்கு மேல் மறுமலர்ச்சிக் காலச் செல்வமும் சேர்ந்தது. 1522இல் விட்டன்பர்க்கில் கார்ல்ஷ்டாட் உருவங்களை அகற்றச் சொன்னபோது லுத்தரே ஓடிவந்து கலவரத்தை நிறுத்தினார். இதயத்திலிருந்து விக்கிரகம் இறங்கிவிட்டால் சுவரில் இருப்பது தொல்லை செய்யாது என்பது அவர் போக்கு. சுவிங்லியும் கால்வினும் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. 1566இல் நெதர்லாந்தில் கோயில் கோயிலாகச் சிலைகள் நொறுங்கின. அதற்குச் சற்று முன்பு, 1563 டிசம்பரில், திரெந்துச் சங்கம் உருவங்களை மீண்டும் உறுதிசெய்திருந்தது. இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் இந்தக் காயங்களும் ஏறி வந்தன.

*

இந்தக் கரையின் மிகப் பழைய கிறிஸ்தவக் கலைப்பொருளில் மனித உருவம் கிடையாது. பரங்கிமலைக் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது 1547இல் கிடைத்த கற்சிலுவை அது. இரண்டு தூண்கள், அவற்றின் மேல் மகரங்கள் வாயிலிருந்து உமிழும் வளைவு, சிலுவையின் கைகளில் மொக்குகள், அடியில் விரியும் இதழ்கள், மேலிருந்து தலைகீழாக இறங்கும் புறா. வளைவின் விளிம்பில் பஹ்லவி எழுத்து. இதே வகைச் சிலுவைகள் கோட்டயம், கடமற்றம் முதலிய கேரளக் கோயில்களிலும் உள்ளன. எழுத்தமைதியை வைத்து ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். மொழி பாரசீகம், மகரம் நம் கோயில் தோரணத்தில் இருப்பது. அறையப்பட்ட உடல் அந்தச் சிலுவையில் இல்லை. உடலின் இடத்தில் பூத்தல் இருக்கிறது.

போர்த்துகீசியர் அதைக் கண்டு மகிழ்ந்தார்கள், தோமாவின் கைப்பட்டது என்று நம்பினார்கள். 1558 முதல் அது பலமுறை இரத்தம் வியர்த்தது என்பது மரபுச் செய்தி. ஆனால் அதே வகைச் சிலுவையைக் கேரளத்தில் வணங்கிவந்த பழைய சமூகத்தின் கண்ணோட்டத்தை அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1599இல் உதயம்பேரூர்ச் சங்கத்தில், மலபார்க் கோயில்களில் படங்களும் சுரூபங்களும் இல்லாதது நெஸ்தோரியத் தவறின் விளைவு என்று சொல்லி, அவற்றை வைக்கும்படி ஆணை பிறப்பித்தார்கள். உலகில் மற்ற இடங்களில் உருவத்தை உடைக்கத்தான் ஆணைகள் போட்டார்கள். இங்கே, உருவம் இல்லாமல் பல நூற்றாண்டு அமைதியாக இருந்தவர்களுக்கு உருவம் வைக்கும்படி ஆணை போட வேண்டியிருந்தது. பரங்கிமலைப் பீடத்தில் கற்சிலுவைக்கு அருகிலேயே மரப்பலகையில் தீட்டிய மாதா படம் ஒன்று இருக்கிறது. லூக்கா தீட்டி, தோமா கொண்டுவந்தது என்கிறது பக்தி. ஒரே கூரையின் கீழே உருவமற்ற மரபும் உருவ மரபும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் குடித்தனம் நடத்துகின்றன.

தெற்கே தூத்துக்குடியில் கதை உரிமைப் பக்கம் திரும்புகிறது. பனிமய மாதாவின் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்று சொல்லக் கேட்டிருப்போம். ஸ்பானியர் மணிலாவைத் தங்கள் நகரமாக்கியது 1571இல். எனவே ஆண்டு, ஊர் இரண்டில் ஒன்று பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். மரபுச் செய்தியை இதற்காகத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தம் மாதா கடல் தாண்டி வந்தவள் என்று கடல்வாழ் மக்கள் சொல்லிக்கொள்ள விரும்பினார்கள் என்பதே அதில் உள்ள வரலாறு. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் எடுத்தார்கள். சுரூபம் மறைவிடம் தேடியது. முத்துக்குளித்துறையின் பரதவர்களைத் தங்கள் சபைக்கு இழுக்க டச்சுக்காரர்களால் முடியவில்லை. மாதாவை விட்டு வா என்றால் அந்தச் சமூகத்துக்கு அது தலைவனை விட்டு, திருவிழாவை விட்டு, ஊரின் வரிசை முறையையே விட்டு வருவது ஆகும். பரதவர் சாதித் தலைவரின் அதிகாரம் சுரூபத்தின் நகைகளோடும் திருவிழா மரியாதைகளோடும் பின்னியிருந்ததை வரலாற்றாசிரியர் சூசன் பெய்லி விரிவாக எழுதியிருக்கிறார். 1806இல் ஓடிய பொன்தேர் அந்த அதிகாரத்தின் உச்சம். பின்னாளில் குருக்களுக்கும் சாதித் தலைவர்களுக்கும் நடந்த இழுபறியில் இருதரப்பும் மாதாவுக்கு அடியவர்கள்தாம். நகைப் பெட்டியின் சாவி யாரிடம் என்பதே வழக்கு.

*

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு உருவத்தை வெறுத்து வந்தவர். வந்த புதிதில் வழியோரக் கோயில் ஒன்றில் இருந்த மண்ணுருவங்களைத் தட்டித் தலையை உடைத்ததை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அங்கே இருந்த படித்த தமிழர் ஒருவர் கோபப்படவில்லை. இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள் என்று விளக்கம் கொடுத்தார். அய்யனார் கோயில்களில் வரிசையாக நிற்கும் சுடுமண் குதிரைகளையும் வீரர்களையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலின் நியாயம் தெரியும். மரக்காணத்துக்குத் தெற்கே அதே சாலையில் கீழ்ப்புத்துப்பட்டில் ஓர் அய்யனார் கோயில் உண்டு. நேர்த்திக்கடன் உருவம் என்பது என்ன என்று கேட்டால் அங்கே வரும் எவரும் சொல்வார். விக்கிரகத்தை உடைப்பவனுக்கும் அது எந்த விக்கிரகம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது சீகன்பால்குக்கு உறைத்திருக்கும் போலும். சில ஆண்டுகள் கழித்து, 1713இல், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை வகுத்து விரிவாக எழுதினார். இதை அச்சிடவா உங்களை அனுப்பினோம் என்ற தோரணையில் ஜெர்மனியின் ஹாலே நகரில் மிஷனை வழிநடத்தியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். நூல் 1867இல்தான் வெளிவந்தது.

லுத்தரன் வழியில் வந்த தமிழர்கள் சுரூபத்தை விட்டார்கள். ஆனால் கண்ணையும் காதையும் மூக்கையும் விடவில்லை. தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் 1820களில் புதிய மிஷனரிகளோடு மோதியதற்கு என்ன காரணங்கள் என்று பாருங்கள்: வேதத்தை மாற்றி மொழிபெயர்ப்பது, சாதி வேறுபாடின்றி உட்காரச் சொல்வது, பூக்களைத் தடுப்பது, தமிழ்ப் பாடல்களைக் கோயிலிலிருந்து அகற்றுவது. இரண்டாவது குறையில் அவர் பக்கம் இன்று நிற்க முடியாது. மூன்றாவதையும் நான்காவதையும் சாதி விவகாரத்தோடு ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் அந்தச் சண்டையின் சோகம். மாலையும் பாட்டும் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டன, சமத்துவம் மறுபக்கம்.

இன்றைய தமிழ்ப் புராட்டஸ்டாண்ட் வீட்டின் முன்னறையில் படம் இல்லை என்று சொல்ல முடியுமா? புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டை நிலைப்படிக்கு மேல் ஏறுகிறது. பொன்னெழுத்தில் வசனம், பின்னால் அருவி அல்லது கோதுமை வயல். கடைசி வாரத்தில் பழைய அட்டையைக் குப்பையில் போட யாருக்கும் கை வருவதில்லை. வேதாகமத்துக்குள் செருகி வைக்கிறார்கள். நிசேயாச் சங்கத்தின் தந்தையர் இதைப் பார்த்திருந்தால், நாம் சொன்னது இதைத்தான் என்றிருப்பார்கள். கால்வின் முகம் சுளித்திருப்பார். இரண்டு பக்கத்தாரும் அந்த வீட்டாரின் மனதைச் சரியாகப் படித்திருக்க மாட்டார்கள்.

*

மரக்காணத்திலிருந்து தெற்கே முப்பது, நாற்பது கிலோமீட்டரில் புதுச்சேரி. இங்கே உருவ உடைப்பு நடந்தது; உடைத்தவர்கள் உருவ வழிபாட்டுக் கத்தோலிக்கர்கள். இயேசு சபையினரின் சம்பாக் கோயிலுக்கு அடுத்தாற்போல வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. அதை அகற்றச் சொல்லி இயேசு சபையினர் நீண்ட காலம் நச்சரித்துவந்தார்கள். 1746இல் சம்பாக் கோயில் பக்கத்திலிருந்து மதில் தாண்டி அசுத்தம் வந்து விழுந்த சம்பவத்தைப் பிரெஞ்சுக்காரரின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, போர்த் தேவையைச் சாக்காக வைத்து, ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆணையில் கோயில் இடிக்கப்பட்டது. லிங்கத்தைப் பாதிரியார் கேர்து காலால் உதைத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவை ஐரோப்பாவுக்கு முதலில் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் அதே கேர்து. மொழிகளில் உறவு கண்ட கண்ணுக்கு அடுத்த மதிலின் கல்லில் உறவு தெரியவில்லை.

பிள்ளையின் குறிப்பு ஒரு தரப்பின் சாட்சியம் என்பதை மனதில் கொண்டு படிக்க வேண்டும். ஆனாலும் கணக்கு நேராகிவிடுகிறது. திரெந்துச் சங்கத்தின் வரையறையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு, தம் சுரூபத்துக்குச் செய்யும் வணக்கம் அதற்கு உரியவரைச் சேர்கிறது. பக்கத்துக் கோயிலில் செய்வது கல்லிலேயே நின்றுவிடுகிறது. அந்த வேறுபாட்டை நிறுவ அவர்களிடம் வாதம் இருந்திருக்கலாம். 1748இல் அவர்கள் பயன்படுத்தியது கடப்பாறை.

அதே சபையைச் சேர்ந்த இன்னொருவர் அதே காலத்தில் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். வீரமாமுனிவர், 1680இல் இத்தாலியில் பிறந்து 1747இல் மறைந்தவர். விருத்தாசலத்துக்கு அருகே கோனான்குப்பத்தில் அவர் வைத்த மாதாவுக்குப் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் பழமலைநாதர் கோயில் அம்மனின் பெயரும் அதுவே. அவர் அறியாமல் வைத்திருப்பார் என்று நம்ப முடியாது. மாதா தமிழ்ப் பெண்ணின் உடையில் நிற்கிறாள். அந்தச் சுரூபத்தை மணிலாவில் செய்வித்தார் என்கிறது மரபு. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு இது நடக்கக்கூடியதே: மணிலாவில் தந்தத்திலும் மரத்திலும் திருவுருவங்கள் செதுக்கி ஏற்றுமதியாயின, செதுக்கியவர்களில் பலர் சீனர்கள். மரபு சரியென்றால், இத்தாலியரின் கற்பனையில் தமிழ்ச் சேலை உடுத்த யூதப் பெண்ணை, ஸ்பானியக் குடியேற்றத்தில் ஒரு சீனக் கை வடித்திருக்கக்கூடும். இந்தியக் கிறிஸ்தவக் கலையில் சுதேசித்தன்மை பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த விவாதங்களில் எனக்குச் சலிப்பு வருவது இதனால்தான். எது நம்முடையது என்பதைச் செய்த கை தீர்மானிப்பதில்லை. ஆண்டுதோறும் சேலை எடுத்து உடுத்துகிற கைகள் தீர்மானிக்கின்றன.

*

உப்பளக் கரையில் எந்த உருவமும் அதிக நாள் தாங்காது. இதை மரக்காணத்துக் கொத்தனார்கள் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துக் கரைகிறது, குறையும்போது மறுபடி படிகமாகிறது. இரவில் கரைந்து கல்லின், காரையின் நுண்துளைகளுக்குள் இறங்கும் உப்பு, வெயிலேறியதும் உள்ளேயே படிகமாக வளர்ந்து துளையின் சுவரை நெரிக்கிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிரும். சிமென்ட் சுரூபத்துக்கு உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து ஊதிப் பெருத்து, மாதாவின் நீட்டிய கைதான் முதலில் விரிசல் விடும். பரங்கிமலையின் கருங்கல் சிலுவை ஆயிரம் ஆண்டு தாண்டியது கல்லின் நெருக்கத்தால். பழைய மரச் சுரூபங்கள் பிழைத்தது கண்ணாடிப் பேழைகளால். இன்று சாலையோரக் கெபிகளில் ஃபைபர் சுரூபங்கள் வந்துவிட்டன. அவற்றைப் பழிப்பவர்கள் அழகியலைப் பேசலாம்; ஆனால் வடத்தை இழுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நாள் நடக்கிறவனுக்கு எடை முக்கியம்.

ரஷ்யத் திருவோவியங்களில் மெழுகுவத்திப் புகையும் எண்ணெய்ப் பூச்சும் படிந்து கருத்துப்போனதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுத்தம் செய்தபோது, அடியில் இருந்த சிவப்பும் நீலமும் கண்டு உலகம் வியந்தது. இங்கே அந்த வியப்புக்கு வாய்ப்பில்லை. நம் சுரூபங்கள் திருவிழாவுக்குத் திருவிழா வண்ணம் பூசப்படுகின்றன. அடியில் இருப்பது போன வருட வண்ணம். அருங்காட்சியகம் நடத்துபவர்களுக்கு இது கொடுமை. கோயில் பிள்ளைக்கு இது கடமை. பழமையைக் காப்பது என்றால் பொருளை அப்படியே நிறுத்தி வைப்பது என்ற எண்ணம் இந்தக் கரைக்குப் புதிது. இங்கே பழமை என்பது யார் வண்ணம் பூசுவது, யார் உபயம், எந்த நாள் மண்டகப்படி என்ற முறைதான். அது மாறினால் கேள்வி எழும். மாதாவின் அங்கி நீலத்திலிருந்து பச்சையானால் எழாது.

உப்பும் சடங்குக்குள் வந்திருக்கிறது. 1969இல் திருத்தப்படும் வரை லத்தீன் ஞானஸ்நானச் சடங்கில் குழந்தையின் வாயில் ஒரு கல் உப்பு வைப்பார்கள். அந்த வழக்கத்தை ரோம் நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டின் பல திருத்தலங்களில் கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்வதை எந்தச் சங்கமும் தொடங்கிவைக்கவில்லை, ஆகவே எதனாலும் நிறுத்த முடியவில்லை. மாரியம்மன் கோயிலிலும் இதே உப்பு, இதே மிளகு. தோல் நோய், மரு, உடல்வலி உப்பைப் போலக் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். உப்பு வாரும் தொழிலாளியின் காலிலும் கையிலும் உப்பே புண்ணாக்குகிறது. அவர் வேண்டுதலுக்குக் கொண்டுபோவதும் அதே உப்பு.

*

தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் பரவிய கிழக்கத்திய ஓவியத்தைப் பெரும்பாலோர் கிழக்கத்திய ஓவியம் என்று அறிவதில்லை. சதா சகாய மாதா. பொன் பின்னணி, அடர்நீல முக்காடு, தாயின் கையை இறுகப் பற்றித் திரும்பிப் பார்க்கும் குழந்தை, கழன்று ஒற்றை வாரில் தொங்கும் செருப்பு. இருபுறமும் இரு தூதர்கள்: மிக்கேல் கையில் ஈட்டியும் கடற்காளானும், கபிரியேல் கையில் சிலுவையும் ஆணிகளும். வரப்போகும் பாடுகளின் கருவிகளைக் கண்டு குழந்தை அஞ்சி ஓடிவந்த கணம் அது. கிரேத்தா தீவின் பாணி. 1499இல் ரோமில் ஒரு கோயிலில் வைக்கப்பட்டது, பிரெஞ்சுப் படைகள் அந்தக் கோயிலை அழித்த பிறகு பல பத்தாண்டுகள் மறதியில் கிடந்தது. 1866இல் ஒன்பதாம் பயஸ் அதை இரட்சகர் சபையிடம் ஒப்படைத்தார். அவர்கள் அச்சுப் படங்களாக உலகெங்கும் பரப்பினார்கள். புதன்கிழமை நவநாள், காலண்டர், ஆட்டோ கண்ணாடி, சாப்பாட்டுக் கடை கல்லா என்று அது வராத இடமில்லை.

கிரேக்க மரபில் தட்டைப் பலகையில் மட்டுமே இருந்த அந்த உருவத்தை நம் ஊர்கள் பலவற்றில் முழுச் சுரூபமாகவும் வடித்து நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் பலகையைச் சப்பரத்தில் வைத்தால் முன்னிருந்து மட்டும் தெரியும்; தெருவின் இருபுறமும் நிற்பவர்களுக்கு மாதா முகம் தெரிய வேண்டும். ஆர்த்தடாக்ஸ் துறவி ஒருவர் இதைக் கண்டால் துடித்துப்போவார். ஆனால் தேரோடும் ஊரில் உருவத்துக்கு முதுகும் இருந்தாக வேண்டும்.

இந்தச் சகாய மாதா ஒரு வழக்கில் நேரடியாகச் சாட்சியாக நின்றிருக்கிறாள். மரக்காணம் அடங்கிய புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே, அன்று விழுப்புரம் மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருக்கும் எறையூரில், செபமாலை மாதாவின் பெரிய பங்குக் கோயில். வன்னியர் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை. கோயிலுக்குச் செல்லும் முதன்மைத் தெரு வழியாகத் தங்கள் சவ ஊர்வலம் போக முடியவில்லை, பொதுவானவற்றில் தங்களுக்குச் சம உரிமை இல்லை என்று தலித் கத்தோலிக்கர்கள் முறையிட்டார்கள். தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரினார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரண்டு கோயில்களிலும் இருப்பவள் ஒரே மரியாள் என்று மறைக்கல்வி சொல்கிறது. மரியாதை உருவத்தைக் கடந்து உரியவரைச் சேரும் என்று நிசேயா சொன்னது. எறையூரில் அந்த மரியாதை தெருமுனையைக் கடக்கவில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் மரக்காணம் வழியாகப் போகும் அந்தக் கைத்தேர்களைப் பார்க்க வேண்டும். ஊர்த் தேருக்கு முறைகாரர் உண்டு. வடம், வழி, நிறுத்தம், மாலை எல்லாவற்றுக்கும் உரிமைப் பட்டியல் உண்டு. சாலையில் போகும் தேருக்கு அந்த ஊர் சொந்தமில்லை, ஆகவே பட்டியலும் இல்லை. நான் இதை மிகைப்படுத்த விரும்பவில்லை. தேரைக் கட்டிய தெருவுக்கு ஒரு சாதி முகம் இருக்கும், நடப்பவர்கள் ஊர் திரும்பியதும் பழைய வரிசையில்தான் நிற்பார்கள். ஆனாலும் கிறிஸ்தவத் திருவுருவம் தமிழ்க் கரையில் எடுத்த வடிவங்களில், யார் கை படலாம் என்ற கேள்வி சில நாட்களாவது எழாமல் இருப்பது இதில்தான்.

சுமப்பவர்கள் உருவத்தின் ஊரையே மாற்றிய கதையும் தமிழில் உண்டு. இலங்கையின் மன்னார் மாவட்டத்து மடு மாதா 1670இல் டச்சுக்காரரின் அடக்குமுறைக்குத் தப்பி மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டவள். கொண்டுபோனவை கத்தோலிக்கக் குடும்பங்கள். குருக்கள் இல்லாத காலம் அது, யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது 1687இல். சுரூபம் நின்ற இடம் ஊரானது, பிறகு இலங்கையின் மிகப் பெரிய கத்தோலிக்கத் திருத்தலமானது. சிங்களவரும் தமிழரும் அங்கே ஒரே பீடத்தின் முன் நின்றார்கள். போரில் அகதிகள் அந்த வளாகத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். 1999 நவம்பரில் அங்கே விழுந்த குண்டுகளில் பலர் மாண்டார்கள். உயிர் தப்பிக் கடல் தாண்டி வந்த இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்களில் ஒன்று, முன்பு சொன்ன அய்யனார் கோயில் இருக்கும் அதே கீழ்ப்புத்துப்பட்டில் உள்ளது.

2008 ஏப்ரலில் மடுவைச் சுற்றி அரசுப் படையும் விடுதலைப் புலிகளும் நெருங்கியபோது குருக்கள் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில் திருவிழாவுக்கு முன் அது திரும்பி வந்தது. 1670இல் குரு இல்லாமல் குடும்பங்கள் சுமந்தன. 2008இல் குருக்கள்தான் சுமக்க வேண்டியிருந்தது. மக்கள் பெரும்பாலும் வளாகத்தை விட்டு ஏற்கெனவே வெளியேறிவிட்டிருந்தார்கள்.